உப்புத் தண்ணிக்கு டபுள் ஏ

திருச்சுழி சுற்றுவட்டாரத்தில் குடிக்கிற தண்ணீர் குட்டி யானையில் வருகிறது. வண்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் ஒரு குழாய், முன்னால் காது கிழிகிற ஹாரன். குடம் பத்து ரூபாய். சித்திரை வெயில் ஏற ஏறப் பன்னிரண்டு, பதினைந்து. குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று கணக்குப் போட்டால், பத்து ரூபாய் விலையிலேயே ஆயிரம் லிட்டர் ஏறக்குறைய 670 ரூபாய். திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்காகப் பட்டறைகளுக்குக் குழாய் போட்டுக் கொடுத்த தண்ணீரின் தொடக்கக் கால விலை ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போய் மண் சுமக்கிற எங்கள் ஊர்க் கிழவி, ஏற்றுமதி முதலாளியைவிடப் பதினைந்து மடங்கு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறாள். நாட்டில் பணக்காரர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று யாராவது கேட்டால் மும்பைப் பக்கம் கையைக் காட்டாதீர்கள். பரளச்சி, நரிக்குடிப் பக்கம் காட்டுங்கள்.

ஏன் வாங்குகிறாள்? ஊர்க் குழாயில் வருவது உப்பு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாமாம். ‘வேறு வழியே இல்லையென்றால்’ என்ற அந்தச் சலுகையைத்தான் அரசாங்கம் எங்களுக்கு நிரந்தர முகவரியாக எழுதிக் கொடுத்திருக்கிறது. போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. சோறு பழுப்பேறி, ஆறியதும் கட்டி தட்டிப்போகும். வெந்நீர் வைக்கிற எவர்சில்வர் தவலைக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரு படை. கரண்டிக் காம்பால் சுரண்டினால் பத்தை பத்தையாக உரியும். இடுப்பில் வலி என்று அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினால், ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், “கல்லு இருக்கு, நல்ல தண்ணி நிறையக் குடிங்க” என்பார். எங்கே கிடைக்கும் என்று சீட்டில் எழுத மாட்டார்.

உப்பு பூமியின் குணம், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கிற பெரிய மனிதர்கள் உண்டு. பூமியின் பங்கு பாதிதான். மீதியை நாங்களும் எங்களை ஆண்டவர்களும் சேர்ந்து செய்தோம். ஊருணிகளைத் தூர்த்தோம், கண்மாய்க்கு வரும் வரத்துக்காலில் வீட்டைக் கட்டினோம், குண்டாற்று மணலை அள்ளி விற்றோம், படுகையைச் சீமைக்கருவேலுக்குக் குத்தகை விட்டோம். இப்போது ஊருக்கு ஊர் ஆர்.ஓ. பிளான்ட். அது நல்ல தண்ணீரைக் குடத்துக்கும், அதைவிடக் கடுத்த உப்பை வெளியே போகிற குழாய்க்கும் பிரித்துக் கொடுக்கிறது. வெளியே போகிறது என்றால் எங்கே போகிறது? பக்கத்துப் பள்ளத்துக்கு. பள்ளத்திலிருந்து பூமிக்கு. பூமியிலிருந்து மறுபடி போருக்கு. சுத்திகரிப்பு நிலையம் தன் நாளைய வியாபாரத்துக்கான உப்பைத் தானே விதைத்துக்கொள்கிற அதிசயத்தை இங்கே வந்தால் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை.

சரி, இந்த உப்புத் தண்ணீருக்கும் கடனுக்கும் என்ன தொடர்பு? வட்டிக்கு வருவோம்.

கடன் கொடுக்கிற உலகத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆபத்து கூடினால் வட்டி கூடும். ஒரு நகரத்தின் தண்ணீர் கெட்டால், அந்த நகரத்தின் தலையில் சுத்திகரிப்புச் செலவு விழும், வழக்கு விழும், ஆட்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போவார்கள், வரி வசூல் குறையும். இதையெல்லாம் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற முதலீட்டாளன் ‘எனக்குக் கால் சதவீதம் கூடக் கொடு’ என்பான். அந்தக் கால் சதவீதத்துக்குப் பயந்தாவது நகராட்சி குழாயைச் சரிசெய்யும். கெட்ட எண்ணத்தில் விளைகிற நல்ல காரியம் அது. பணக்காரனின் பயம் ஏழையின் குடத்துக்குக் காவல்.

நம் நாட்டில் அந்தப் பயத்தையும் சட்டம் போட்டுப் போக்கிவிட்டோம்.

2002-ல் தமிழ்நாடு ஒரு காரியம் செய்தது. இன்றுவரை அதை வளர்ச்சிப் பொருளாதார வகுப்புகளில் மாதிரித் திட்டமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தனித்தனியாகக் கடன் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு டஜனுக்கு மேற்பட்ட சின்ன ஊர்களை ஒன்றாகக் கட்டி, ‘குடிநீர், சுகாதாரக் கூட்டு நிதியம்’ என்று பெயர் வைத்து, சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பதினைந்து வருடப் பத்திரம் வெளியிட்டார்கள். வட்டி 9.2 சதவீதம். அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் அசலில் பாதிக்கு ஜாமீன் நின்றது. மதிப்பீடு டபுள் ஏ. கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் அந்த டபுள் ஏ எந்த ஊரின் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்ததும் அல்ல. தவணை தவறினால் அந்த ஊருக்கு மாநில அரசு தர வேண்டிய வரிப் பங்கிலேயே கையை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்குக் கொடுத்தது. கடன்காரர் கையில் பணம் வருவதற்கு முன்பே கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வார். தெருவிளக்கு, துப்புரவுப் பணியாளர் சம்பளம், குளோரின் பவுடர் எல்லாம் அதற்குப் பிறகு, மிச்சம் இருந்தால்.

இந்த ஏற்பாட்டில் குழாயில் பாலே வந்தாலும் சாக்கடையே வந்தாலும் வட்டிக்காரருக்கு ஒன்றுதான். பிறகு அவர் எதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து உங்கள் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டும்? அவர் முதலில் புரட்டுகிற தாள் கேட்பு, வசூல், நிலுவை. வீட்டு வரியில் எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. வயிற்றுப்போக்குப் பதிவேட்டுக்கு அவர் கோப்பில் என்ன வேலை?

இந்தூருக்குப் போய்வருவோம். நாட்டிலேயே சுத்தமான நகரம் என்று வருடா வருடம் பரிசு வாங்கிய ஊர். 2023 பிப்ரவரியில் அதன் மாநகராட்சி 244 கோடி ரூபாய்க்குப் ‘பசுமைப் பத்திரம்’ வெளியிட்டது. நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றுகிற பம்புகளுக்குச் சூரிய மின்சாரம் தயாரிக்கிற திட்டம். வட்டி 8.25. அடிப்படைத் தொகையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்குக்கு விண்ணப்பம் வந்து குவிந்தது. பத்திரிகைகள் புல்லரித்தன. 2025 டிசம்பர் கடைசியில் அதே ஊரின் பாகீரத்புராவில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தது. புறக்காவல் நிலையக் கழிப்பறை ஒன்று குடிநீர்க் குழாய்க்கு மேலேயே கட்டப்பட்டிருந்ததாம். ஆட்கள் கொத்தாக ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள், பலர் செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் அரசாங்கத்துக்கும் ஊராருக்கும் ஒத்துப்போகவே இல்லை. பத்திரம் வாங்கியவர்களுக்கு அந்தத் தகராறு கிடையாது. அவர்களுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, தேதி இருக்கிறது, பைசா சுத்தமாகத் தவணை வரும். பிணத்தை எண்ணுவதில் தடுமாறுகிற மாநகராட்சி வட்டியை எண்ணுவதில் தடுமாறிவிட முடியாது, விதிகள் விடாது. தண்ணீரை ஊருக்கு ஏற்றும் மின்சாரம் பசுமை. ஏறி வந்த தண்ணீர் என்ன நிறம் என்று பத்திரத்தில் கேள்வி இல்லை.

மத்திய அரசு இதற்கு ஊக்கத்தொகையும் வைத்திருக்கிறது. பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குகிற நகரத்துக்கு நூறு கோடிக்குப் பதின்மூன்று கோடி பரிசு. 2025 மே மாதம் சென்னை மாநகராட்சி 7.97 சதவீத வட்டியில் 200 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. பங்குச் சந்தைப் பட்டியலில் ஏற்றிய அன்று மணி அடித்தார்கள். கடன் வாங்கினால் மணி அடிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இங்கே கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து அடிப்பார்.

வடக்கே தேடுவானேன், திருப்பூரைப் பாருங்கள். சாயப்பட்டறைகள் நொய்யலைச் சாக்கடை ஆக்கின. 1990-களின் தொடக்கத்தில் விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கி வைக்கிற தொட்டி ஆனது. நிலத்தடித் தண்ணீர் தொட முடியாமல் போனது. இனி என்ன செய்வது? கெடுத்ததை நிறுத்தலாம். அது பழைய யோசனை. புது யோசனை, பவானியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது. ஆயிரம் கோடிக்கு மேல் செலவு, பெரும்பங்கு கடன், தனியார் பங்கேற்பு. நாட்டிலேயே முதல் முயற்சி என்று பாராட்டுரைகள். 2005-06-ல் தண்ணீர் வந்தது. பட்டறைகளுக்கு அதிக விலை, அதில் வருகிற லாபத்தில் ஊர் மக்களுக்குக் குறைந்த விலை என்று கணக்கு. அதாவது ஊரின் குடிநீரைக் கெடுத்தவர்கள் நிறைய நிறையச் சாயம் போட்டால்தான் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் கட்டுப்படியாகும். கெடுக்கிற தொழிலின் முதுகில் ஏற்றிய கடன். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு மூச்சுவிட்டது, கடன் மூர்ச்சையானது. தண்ணீர் வாங்க ஆள் இல்லை. கடன் சீரமைப்புக்குப் போனார்கள். அதே ஆண்டு, பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் கடன் அறிவித்தது. வட்டி? வட்டி இல்லை. ஆற்றைக் கெடுத்தவர்களுக்கு வட்டியில்லாக் கடன், கெட்ட ஆற்றுக்குப் பதிலாகக் கொண்டுவந்த தண்ணீருக்கு வட்டியோடு கடன். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் இருபது வருடம் குடியிருந்தால் போதும்.

அருப்புக்கோட்டைக்குத் திரும்புகிறேன், அது எங்களுக்குப் பெரிய ஊர். 2011 கணக்கெடுப்பில் எண்பத்தேழாயிரம் பேர். நெசவு ஊர். அதற்கு வைகையிலிருந்து கொஞ்சம், தாமிரபரணியிலிருந்து கொஞ்சம். தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் குழாயில் வர வேண்டும். அருப்புக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் மூன்றுக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம், மத்திய அரசின் அம்ருத் திட்டத்தின் பேரில், நானூற்று நாற்பது கோடிக்கு மேல். நல்லது. படத்தை விரித்து வைத்துப் பாருங்கள். சீவலப்பேரி எங்கே இருக்கிறது? திருநெல்வேலிக்குக் கீழே. திருநெல்வேலியின் சாக்கடை எங்கே போகிறது? தாமிரபரணிக்கு. பல ஆண்டு வழக்கு அது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நெல்லைக்குப் பாதாளச் சாக்கடை போட ஒரு திட்டம், அதற்கு ஒரு பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், சினிமா போல. சாக்கடையை முடிக்காததால் ஆறு கெடுகிறது. கெட்ட ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கக் கீழே இருக்கிற ஊர்கள் உறைகிணறு, சுத்திகரிப்பு, பம்பு என்று செலவு செய்கின்றன. மேலூர்க்காரன் பாவத்துக்குக் கீழூர்க்காரன் தவணை கட்டுகிறான். இரண்டு ஊர்க் கோப்பும் சென்னையில் ஒரே துறையின் அலமாரியில் தூங்குகின்றன. ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தச் செலவுக்கு ஊரின் பங்கு எப்படி வரும்? 2022 ஏப்ரலில் சொத்து வரியை இருபத்தைந்து முதல் நூற்றைம்பது சதவீதம் வரை ஏற்றினார்கள். மத்திய நிதிக்குழு சொன்னது, மானியம் வேண்டுமென்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அதன்பிறகு ஆண்டுக்கு ஆறு சதவீதம் தானாக ஏறுகிற ஏற்பாடு. தறிக்காரரின் கூலியும் ஆண்டுக்கு ஆறு சதவீதம் தானாக ஏறுமா என்று எந்த நிதிக்குழுவும் கேட்கவில்லை.

ஊராட்சிகளின் கதை இன்னும் சுருக்கம். எங்களுக்குக் கடன் கொடுக்க எந்தப் பத்திரக்காரரும் வர மாட்டார். அதனால் எங்களுக்குக் கடன் இல்லை, பாக்கி மட்டும் உண்டு. கிராம ஊராட்சிக்கு வங்கியில் ‘கணக்கு எண் 2’ என்று ஒன்று இருக்கிறது. மின்சார வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டியதைக் கட்டுவதற்கென்றே வைத்த கணக்கு. மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி நேராக அதற்குள் விழும், விழுந்த வேகத்தில் வெளியே போகும். தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போடலாம், தொட முடியாது. உப்புப் போர் மோட்டாருக்கான கரண்ட் பில்லும், வராத ஆற்றுத் தண்ணீருக்கான வாரியப் பில்லும் அதிலிருந்து போகும். மோட்டார் எரிந்தால் கணக்கு எண் 1-ஐத் தடவிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தடவத்தான் முடியும்.

தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கும் குழாயடிக்கும் நடக்கிற பேச்சை ஒருநாள் நின்று கேட்டுப் பாருங்கள்.

“ஏண்ணே, இன்னைக்காச்சும் ஆத்துத் தண்ணி விடுவீகளா?”

“லைன்ல பிரஷர் இல்ல தாயி. நாளைக்குப் பாப்போம்.”

“நேத்தும் இதத்தானண்ணே சொன்னீக.”

“நேத்துச் சொன்ன நாளைக்கு இன்னைக்கு முடிஞ்சுபோச்சு. இது வேற நாளைக்கு.”

அந்த மனிதரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு மாதச் சம்பளமே எந்த நாளைக்கு வரும் என்று தெரியாது.

முன்பு திட்டுவதற்கு ஒரு தலைவராவது இருந்தார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் வைப்பதற்குப் பதிலாகத் தனி அலுவலரிடம் சாவியைக் கொடுத்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவனிடம் காலிக் குடத்தைக் காட்டலாம். கோப்போடு வருகிறவரிடம் எதைக் காட்டுவது?

தேர்ந்தெடுக்காதவர் கையில் ஊர்த் தண்ணீரும் ஊர்க் கடனும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. மிச்சிகனில் பிளின்ட் என்ற நகரம். கஜானா காலி என்று சொல்லி மாநில அரசு அங்கே ‘அவசரகால மேலாளர்’ ஒருவரை உட்காரவைத்தது, நம்மூர்த் தனி அலுவலர் மாதிரி. புதிய குடிநீர்க் குழாய்த் திட்டத்தில் நகரத்தின் பங்குக்குக் கோடிக்கணக்கான டாலர் கடன் வேண்டும். ஆனால் நகரம் கடன் வரம்பைத் தொட்டுவிட்டது. வழி கண்டுபிடித்தார்கள். பழைய சுத்திகரிப்பு நிலையத்தின் சுண்ணாம்புச் சேற்றுக் குளத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி 2014 மார்ச்சில் ஒரு சுற்றுச்சூழல் உத்தரவு, அதற்குள்ளேயே குழாய்த் திட்டத்தையும் நுழைத்தார்கள். சுற்றுச்சூழல் ஆபத்துக்காக வாங்கும் கடனுக்கு வரம்பு கிடையாது. ஆக, மாசு என்ற பேரைச் சொல்லிக் கடன். அந்தக் குழாய் வரும்வரை செலவை மிச்சப்படுத்த, ஏப்ரலில் ஊருக்குப் பிளின்ட் ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்காமல். பழைய குழாய்களின் ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ‘இந்தத் தண்ணீரில் எஞ்சின் பாகம் துருப்பிடிக்கிறது’ என்றது. உடனே வேறு தண்ணீர் கொடுத்தார்கள். எஞ்சின் பிழைத்தது. பிள்ளைகள் அடுத்த ஆண்டு அக்டோபர் வரை அதையே குடித்தார்கள்.

அதோடு முடியவில்லை. 2017-ல், தண்ணீர்க் கட்டணப் பாக்கிக்காக எட்டாயிரம் வீடுகளுக்கு ‘வீட்டின் மேல் பற்று வைப்போம்’ என்று நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. ஈயம் கலந்த தண்ணீருக்குப் பில், பில்லுக்குப் பாக்கி, பாக்கிக்கு ஜப்தி. கேட்பு, வசூல், நிலுவை என்பது உலகப் பொதுமொழி. 2020-ல் ஊர் மக்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: குழாய்த் திட்டப் பத்திரங்களை விற்றுக் கொடுத்த பெரிய வங்கிகள் மேலேயே, ‘என்ன நடக்கும் என்று தெரிந்தே கடன் ஏற்பாடு செய்தீர்கள்’ என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், கேள்வி சரியான வீட்டுக் கதவைத் தட்டியது. 2021-ல் 626 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதில் 600 மில்லியன் மாநில அரசின் பணம், அதாவது மக்களின் வரி. மக்கள் பணத்தை மக்களுக்கே அபராதமாகக் கொடுப்பதில் அமெரிக்காவும் நமக்குச் சளைத்தது இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஊருக்கு ஊர் பத்திரம் போடுகிறார்கள், எங்களுக்கும் ஒன்று போடுங்கள். ‘திருச்சுழி உப்புப் பத்திரம்’ என்று பெயர் வைக்கலாம். நோக்கம்: மக்களுக்கு நல்ல தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையை மேலும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பராமரிப்பது. ஈடு: ஒருநாளும் வற்றாத எங்கள் தாகம். மாநிலத்தில் இதைவிட உறுதியான வருவாய் ஆதாரம் கிடையாது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஆள் குடிக்கத்தான் வேண்டும். குட்டி யானையின் ஹாரன் சத்தத்தில் நாள்தோறும் நடக்கிற வசூலைப் பாருங்கள், நிலுவையே இல்லை, கைக்குக் கை. எந்த நகராட்சிக்கு இந்த வசூல் விகிதம் உண்டு?

சட்டப்படி இடர்களையும் சொல்ல வேண்டும். முதல் இடர், திடீரென்று குழாயில் நல்ல தண்ணீர் வந்துவிடலாம். கடந்த கால அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இது மிகமிகக் குறைவு. இரண்டாவது, காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய் முடிந்துவிடலாம். 2021 பிப்ரவரியில் 14,400 கோடித் திட்டம் என்று புதுக்கோட்டைப் பக்கம் அடிக்கல் நாட்டியாயிற்று. கரூரிலிருந்து கிளம்பிய கால்வாய் குண்டாற்றுக்கு வருவது மூன்றாம் கட்டத்தில். முதலீட்டாளர்கள் பதற வேண்டாம். மூன்றாவது, மக்கள் குடிபெயர்ந்துவிடலாம். திருப்பூருக்கும் சென்னைக்கும் பாதி இளவட்டம் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் கிழவன் கிழவி இருப்பார்கள், அவர்களுக்கும் தாகம் எடுக்கும். நான்காவது இடர் ஒன்று இருக்கிறது, யாராவது கணக்குக் கேட்கலாம். அதைப் பத்திரத்தில் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள்.

ஜாமீனுக்கும் குறைவில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கையை வாசித்தவர் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. அடுத்த மார்ச் முடிவில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடியைத் தொடும் என்றது அந்த அறிக்கை. அதை வாசித்தபோது அவர் எந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்? திருச்சுழி. ஒன்பது லட்சம் கோடிக் கடனுக்குக் கணக்கு வைத்தவரை அனுப்பிய தொகுதியில் குடம் பத்து ரூபாய். வேறு எந்த மதிப்பீட்டு நிறுவனச் சான்று வேண்டும் உங்களுக்கு?

ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் இது. அவர் ‘நான் யார்?’ என்று கேட்டார், ஞானம் கிடைத்தது. நாங்கள் ‘தண்ணி எப்ப?’ என்று கேட்கிறோம். பிரளய வெள்ளத்தையே சிவன் சூலத்தால் துளைபோட்டுப் பூமிக்குள் இறக்கிய தலம் என்று தலபுராணம் சொல்கிறது. இறக்கிய தண்ணீரை ஏற்றுவதற்குத்தான் இத்தனை மோட்டார், இத்தனை மின்கட்டணம்.

கேலி போதும். கோபமாகவே சொல்கிறேன். நல்ல தண்ணீர் தராத திட்டத்துக்கு வட்டி மட்டும் எப்படி முதல் பந்தியில் உட்காருகிறது? தண்ணீர் தரம் தவறினால் தவணையும் தள்ளிப்போகும் என்று எந்தக் கடன் ஒப்பந்தத்திலாவது ஒரு வரி எழுத யாருக்காவது கை வந்திருக்கிறதா? அப்படி ஒரு வரி இருந்தால் மறுநாளே வங்கி அதிகாரி சோதனைக் குழாயும் கையுமாக மேல்நிலைத் தொட்டியில் ஏறி நிற்பார். நெல்லைச் சாக்கடை மூன்றாம் பாகம் வரை இழுக்காது. இந்தூரில் குழாய்க்கு மேல் கக்கூஸ் இருப்பதைப் பத்திரக்காரரே வந்து இடித்திருப்பார். காசு போட்டவனுக்கு ஒரு சொட்டு ஆபத்தும் இல்லாமல் மொத்த ஆபத்தையும் குடிக்கிறவள் வயிற்றில் இறக்கி வைத்ததற்குப் பெயர்தான் இவர்கள் ஊருக்கு ஊர் மெச்சிக்கொள்கிற நிதிச் சீர்திருத்தம். அது சீர்திருத்தம் இல்லை, வழிப்பறி.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. குடியரசு நாள், மார்ச் 22 தண்ணீர் தினம், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியத்துக்காரர்களே, அடுத்த சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். மேடையில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, தலைவரோ தனி அலுவலரோ, பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு தாளைக் கேளுங்கள். ஒன்று, நம் ஊர்த் தண்ணீரைக் கடைசியாகச் சோதித்த அறிக்கை, தேதியோடு, உப்பு எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்ற எண்ணோடு. இன்னொன்று, கணக்கு எண் 2-இன் ஓராண்டு வரவு செலவு, எந்த வாரியத்துக்கு எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு போனது என்று. இரண்டையும் சபையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்வரை தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.